சின்னக் குளத்தில் திரும்புவது எப்படி: கொண்டோ நீச்சல்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) உள்ள நீச்சல் குளத்தின் நீளம் 15 மீட்டர். பத்துப் பன்னிரண்டு முறை கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். இங்கே 1 கிலோமீட்டர் நீந்த வேண்டுமானால் 67 நீளம் நீந்த வேண்டும். அதற்கு 66 முறை திரும்ப வேண்டும். அதே தூரத்தைப் பொது நீச்சல் வளாகத்தின் 50 மீட்டர் குளத்தில் நீந்தினால் 19 திருப்பங்களில் முடிந்துவிடும்.

“இந்தத் தொட்டியில் நீந்தி என்ன ஆகப்போகிறது, திரும்பித் திரும்பியே நேரம் போய்விடுகிறது” என்று பலர் சொல்வார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுவரை ஒழுங்காக உதைத்துக் கிளம்பினால், ஒரு கைகூட வீசாமல் 4 முதல் 5 மீட்டர் போகலாம். 15 மீட்டர் குளத்தில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அதுவும் சுவரை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் நாம் போகும் வேகம், கை வீசி வரும் எந்த வேகத்தையும்விட அதிகம். போட்டி நீச்சலில் 25 மீட்டர் குளச் சாதனைகளையும் 50 மீட்டர் குளச் சாதனைகளையும் தனித்தனியாக வைத்திருப்பது இதனால்தான். திருப்பங்கள் அதிகமுள்ள சின்னக் குளத்தில் நேரம் குறைந்துவிடுகிறது. ஆகவே சின்னக் குளத்தில் நீந்துகிறவருக்குத் திரும்புவதுதான் பாதி நீச்சல். அதைப் பழகாமல் விடுவது பெரிய நஷ்டம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் சுவருக்கு அருகில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவதிலிருந்து பழகத் தொடங்குகிறார்கள். பார்க்க அழகாக இருப்பது அதுதான். ஆனால் அந்த வரிசை தப்பு. முதலில் சுவரை விட்டுக் கிளம்பப் பழகுங்கள், அப்புறம் கால்களைச் சுவரில் வைக்க, கடைசியில்தான் கரணம். திருப்பத்தின் கடைசிப் பகுதியில் தொடங்கிப் பின்னோக்கிப் பழகி வர வேண்டும். நான் அந்த வரிசையில் பழகாததால் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

தண்ணீரில் இறங்கியதும் சுவரைப் பாருங்கள்

நீந்தும் முன் குளத்தின் இரண்டு முனைகளிலும் மெதுவாக நடந்து பாருங்கள். தண்ணீர் உங்கள் மார்பளவு இருந்தால் கரணம் போடலாம். இடுப்பளவுதான் என்றால் தொட்டுத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்து, காலால் சுவரைத் தடவிப் பாருங்கள். சில குளங்களில் தண்ணீருக்குள் சுவரை ஒட்டி ஒரு திண்டு இருக்கும், உட்கார்வதற்காகவோ நிற்பதற்காகவோ கட்டியது. மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. நண்பர் ஒருவரின் கொண்டோவில் இதைப் பார்க்காமல் கரணம் போட்டு, குதிகால் திண்டின் விளிம்பில் அடித்து, இரண்டு வாரம் நொண்டினேன். படிக்கட்டு எந்த முனையில், கைப்பிடிக் கம்பி எங்கே, எந்த ஓடு பாசி பிடித்து வழுக்குகிறது என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை முழுக்கப் படிக்கட்டாக இருந்தால், அந்தப் பக்கம் சுவர் இல்லாமல் திரும்பும் முறைதான் சரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பாடம்: சுவரை விட்டுக் கிளம்புவது

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது பாதி கைவந்த விஷயம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் வயல் கிணற்றில்தான் நான் மிதக்கப் பழகினேன். கிணற்றில் எங்கே போனாலும் நாலு கை வீசியதும் சுவர்தான். கல்லில் காலை ஊன்றி ஒரு உதை உதைத்தால் எதிர்ப்பக்கம் போய்ச் சேரலாம். யாரும் சொல்லித்தராமலே எல்லாப் பிள்ளைகளும் அதைச் செய்தோம். ஆனால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கைகளை அகல விரித்துக்கொண்டு செய்தோம். சரி செய்ய வேண்டியது அதைத்தான்.

இப்படிச் செய்து பாருங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒரு கையால் பின்னால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் சுவரில் வையுங்கள். மூச்சை இழுத்து, உடல் முழுவதும் தண்ணீருக்குள் இறங்கியதும் விளிம்பை விடுங்கள். இரண்டு கைகளும் தலைக்கு முன்னால் சேர வேண்டும். ஒரு உள்ளங்கை மற்றொரு கையின் புறங்கை மேல் படிய வேண்டும், மேலே இருக்கும் கையின் கட்டைவிரல் கீழ்க்கையைக் கொக்கி போட்டுப் பிடிக்க வேண்டும். மேற்கைகள் காதுகளை அழுத்த வேண்டும், இன்னும் சரியாகச் சொன்னால் காதுக்குச் சற்றுப் பின்னால். முகம் தரையைப் பார்க்கட்டும். வயிற்றை எக்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் அமைந்த பிறகுதான் உதைக்க வேண்டும். உதைத்துக்கொண்டே கைகளைச் சேர்ப்பவர்கள் பாதி வேகத்தை அங்கேயே இழக்கிறார்கள்.

எவ்வளவு ஆழத்தில் போக வேண்டும்? ஒரு முழம் போதும். நீர்ப்பரப்பை ஒட்டிப் போனால் நம் உடலே அலை எழுப்பும், அந்த அலையைக் கிளப்புவதிலேயே வேகம் செலவாகிவிடும். ரொம்ப ஆழத்தில் போனால் மேலே ஏறி வர நேரமாகும்.

இப்போது காலை அசைக்காமல், கையை வீசாமல், அப்படியே போய்க்கொண்டிருங்கள். எங்கே நிற்கிறீர்கள்? அந்த இடத்தில் தரையில் எந்த ஓடு இருக்கிறது என்று நினைவில் வையுங்கள். முதல் நாள் நான் நின்றது 3 மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால். தலையைச் சற்றுக் குனிந்ததும் அரை மீட்டர் கூடியது. கட்டைவிரலைக் கொக்கி போட்டதும் இன்னும் கொஞ்சம் கூடியது. காலில் துளி பலம்கூடக் கூட்டவில்லை, உடலை ஒடுக்கியதில் வந்த லாபம் அது. ஒரு வாரம் இதை மட்டும் பழகினாலும் தப்பில்லை.

இரண்டாம் பாடம்: தொட்டுத் திரும்புவது

குளத்தில் பெரும்பாலோர் திரும்பும் விதம் இது: சுவரை இரண்டு கையாலும் பிடித்து, மேலே எம்பி, மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்து, திரும்பி நின்று, பிறகு கிளம்புவார்கள். ஓய்வு வேண்டுமானால் தாராளமாக எடுங்கள். ஆனால் அதைத் திரும்புவதோடு கலக்க வேண்டாம்.

எங்கள் பிளாக்கில் ஓர் அங்கிள் இருக்கிறார். சிறுவயதில் ஃபேரர் பார்க் நீச்சல் குளத்தில் நீந்தப் பழகியவர், 1957இல் திறந்து 2003இல் மூடிய குளம் அது. நான் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பதை ரொம்ப நாள் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “தம்பி, சுவத்தப் பிடிச்சுத் தொங்காதீங்க. சூடான தோசைக்கல்லுல கை பட்டா எப்படி எடுப்பீங்க, அந்த மாதிரி தொட்டதும் எடுத்துரணும்.” என் திருப்பம் அந்த ஒரு வார்த்தையில் மாறியது.

வலது கையால் தொட்டுத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். கை சுவரைத் தொடும்போது நேராக விறைத்து நிற்காமல், முழங்கை மடங்கி, வந்த வேகத்தை உள்வாங்க வேண்டும். அதே நேரத்தில் இரண்டு முழங்கால்களையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். இழுத்த வேகத்திலேயே இடுப்பு சுவரை நோக்கி ஊஞ்சல்போல் ஆடி வரும். இடது கை எங்கும் போக வேண்டாம். அது பின்னால், நீங்கள் இனிப் போக வேண்டிய திசையைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். பாதங்கள் சுவரைத் தொடும்போது வலது கை சுவரை விட்டு, தலையை ஒட்டியபடி, கலைந்த முடியை ஒதுக்குவதுபோல் முன்னால் வந்து இடது கையோடு சேரும். ஒரு மூச்சு எடுக்க வேண்டிய இடமும் அதுதான். வாய் மட்டும் வெளியே வந்தால் போதும், தோள்கள் தண்ணீரில் அமிழ்ந்தே இருக்கட்டும்.

பாதங்கள் சுவரில் பக்கவாட்டமாகப் படிந்திருக்கும். பரவாயில்லை. ஒருக்களித்தபடியே உதையுங்கள், போகப் போக வயிறு கீழே வரும்படி புரண்டுகொள்ளுங்கள். முழுதாகக் கவிழ்ந்த பிறகுதான் உதைப்பேன் என்று காத்திருந்தால் வேகம் போய்விடும்.

இந்த முறையைக் கற்றுக்குட்டிகளின் திருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும், இரு கைகளையும் ஒருசேர வீசும் பட்டர்ஃபிளையிலும் போட்டி விதியே இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.39 நொடியில் நீந்தி சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்தாரே, அந்தப் போட்டியில் இருந்த ஒரே ஒரு திருப்பமும் இப்படித் தொட்டுத் திரும்பியதுதான். அவர் இரு கையாலும் தொட்டார், நாம் கைகளை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைலில் ஒரு கையால் தொடுகிறோம், அவ்வளவே வித்தியாசம்.

மூன்றாம் பாடம்: கரணம்

ஃபிளிப் டர்ன் என்று பயிற்சியாளர்கள் சொல்வது, தண்ணீருக்குள் பாதிக் குட்டிக்கரணம் போட்டுக் கால்களைச் சுவரில் வைப்பது. கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். போதிய ஆழம் இருந்தால் இங்கே தப்பினாலும் மூக்கில் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். பயப்படாமல் பழகலாம்.

முதலில் மூக்கு. தலைகீழாகப் புரளும்போது மூக்கிலிருந்து காற்று வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு நான் கண்ட சுலபமான வழி, வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்ம்” என்று முனகுவது. முனகும்போது காற்று மூக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். நின்ற இடத்தில் முகத்தைத் தண்ணீரில் வைத்து முனகிப் பாருங்கள், மூக்கிலிருந்து குமிழிகள் வரும். கரணம் தொடங்கும் முன்பே முனகத் தொடங்கி, கால் சுவரை விட்டபிறகுதான் நிறுத்த வேண்டும்.

அடுத்து, சுவரை விட்டுத் தள்ளி, குளத்தின் நடுவில் கரணம். குப்புற மிதந்தபடி இரண்டு கைகளையும் தொடைகளை ஒட்டி வையுங்கள். மோவாயை நெஞ்சில் ஒட்டுங்கள். இரண்டு கால்களாலும் சேர்த்து ஒரு சின்ன உதை கொடுங்கள், இடுப்பு மேலே எழும்பும். இப்போது முழங்கால்களை மடக்கி, குதிகால்களைப் பின்பக்கத்தோடு சேர்த்து, மூட்டைபோல் சுருண்டுகொள்ளுங்கள். எவ்வளவு இறுகச் சுருள்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் புரள்வோம். உள்ளங்கைகள் தரையைப் பார்க்கட்டும். புரளும்போது அவை தண்ணீரைத் தலைப்பக்கமாகத் தள்ளி உதவும். கைகளைச் சுற்றிச் சுழற்ற வேண்டாம். அவை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, உடல்தான் புரண்டு திசை மாறுகிறது. புரண்டு முடிந்து பார்த்தால் கைகள் தாமாகவே தலைக்கு மேலே, போக வேண்டிய திசையை நோக்கி இருக்கும். இதை முதல்முறை உணர்ந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு முழுக்க அதை மட்டுமே செய்துகொண்டிருந்தேன்.

கண்கள் முழங்காலைப் பார்க்கட்டும். தலைசுற்றல் குறையும், மோவாயும் நெஞ்சை விட்டு விலகாது. கழுத்திலோ காதிலோ தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பழகுங்கள்.

நடுக்குளத்தில் பத்துக் கரணம் சிரமமில்லாமல் வந்த பிறகு சுவர் பக்கம் போகலாம். எவ்வளவு தள்ளி நின்று புரள வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் சிக்கல். போட்டிக் குளங்களில் தரையிலுள்ள கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே முடிந்து, குறுக்குக் கோடு ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக் கணிப்பார்கள். கொண்டோவில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் உங்கள் உடலாலேயே அளந்துகொள்ளுங்கள். மல்லாந்து மிதந்து, பாதங்களைச் சுவரில் வைத்து, நாற்காலியில் உட்காரும் அளவுக்கு முழங்காலை மடக்குங்கள். இப்போது இடுப்பு எந்த ஓட்டுக்கு நேராக இருக்கிறது? கரணம் முடியும்போது இடுப்பு அங்கே இருக்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்குத் தலை சுவரிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்கும்போது புரளத் தொடங்கினால் சரியாக அமையும். நீந்தி வரும் வேகம் கூடினால் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

தரையிலுள்ள ஓடுகளின் வரிசையையோ, வடிகால் மூடியையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்க்கத் தலையைத் தூக்காதீர்கள். தலை தூக்கினால் இடுப்பு தாழும், தாழ்ந்த இடுப்பைக் கரணத்தில் மேலே கொண்டுவருவது பெரும்பாடு.

கடைசிக் கை வீச்சு முடிந்து, இரண்டு கைகளும் தொடைப்பக்கம் வந்ததும் புரளுங்கள். பாதங்கள் ஒரு முழ ஆழத்தில், இடுப்பகலத்தில், விரல்கள் மேல்நோக்கி இருக்கச் சுவரில் படியட்டும். மல்லாந்த நிலையிலேயே உதையுங்கள். முதுகு கீழே இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கைகளைச் சேர்த்து நீட்டியபடி போகும்போதே புரண்டு குப்புற வாருங்கள். சுவரில் இருக்கும்போதே திருகிக் குப்புற வர முயல்பவர்கள் கோணலாகக் கிளம்பிப் பக்கத்துச் சுவரில் போய் முட்டுவார்கள்.

கால் சுவருக்கு எட்டவே இல்லையா? தூரத்தில் புரண்டுவிட்டீர்கள். முழங்கால் மூக்கில் இடிக்கும் அளவுக்கு மடங்குகிறதா, குதிகால் மேல் விளிம்பில் படுகிறதா? மிக அருகில் வந்துவிட்டீர்கள். பழகும்போது எட்டாமல் போவதே நல்லது, அடி படாது.

மூச்சு

சின்னக் குளத்தில் களைப்பு முதலில் கைக்கு வராது, மூச்சுக்குத்தான் வரும். கரணத்துக்கு முந்தைய கடைசி வீச்சில் மூச்சுக்குத் தலையைத் திருப்பினால் உடல் கோணலாகும். சுவரை விட்டபிறகு முதல் வீச்சிலும் மூச்சு எடுக்காமல் இருப்பது நல்லது. 50 மீட்டர் குளத்தில் இது எப்போதாவது வரும் சிரமம். 15 மீட்டரில் ஒவ்வொரு பத்து வீச்சுக்கும் ஒருமுறை வரும். ஆகவே ஒரு முனையில் கரணம், மறுமுனையில் தொட்டுத் திரும்பி ஒரு நல்ல மூச்சு என்று மாற்றி மாற்றிப் போங்கள். நான் இன்றைக்கும் நீண்ட தூரம் நீந்தும்போது அப்படித்தான் போகிறேன்.

போட்டிகளில் ஃப்ரீஸ்டைல், மல்லாந்த நீச்சல், பட்டர்ஃபிளை மூன்றிலும் சுவரை விட்டு 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். நம் குளத்தின் நீளமே அவ்வளவுதான்! அதனால் ஒரே மூச்சில் அடியில் போய்க் காட்ட ஆசை வரும், குறிப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு. வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு அடியில் போகிறவர்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவிழக்கக்கூடும். இடுப்பளவு தண்ணீரிலும் அது உயிரைப் பறிக்கும். மூச்சு வேண்டுமென்று உடல் கேட்டால் உடனே மேலே வாருங்கள்.

மல்லாந்து நீந்துபவர்களுக்கு

போட்டிக் குளங்களில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குறுக்கே கொடிக் கயிறு தொங்கும். மல்லாந்து வருபவர் அதைக் கண்டதும் வீச்சுகளை எண்ணிச் சுவரைக் கணிப்பார். கொண்டோவில் கொடிக்குப் பதில் ஒரு பனையோ, நிழற்குடையோ, கட்டட விளிம்போ இருக்கும். அதற்கு நேராகத் தலை வந்ததிலிருந்து சுவரைத் தொட எத்தனை வீச்சு என்று நாலைந்து முறை நிதானமாக எண்ணிவையுங்கள். எண்ணித் தெரியும்வரை ஒரு கை எப்போதும் தலைக்கு முன்னால் நீட்டியபடி இருக்கட்டும்.

சுவர் இல்லாமல் திரும்புவது

முந்திரிக்கொட்டை வடிவத்தில் வளைந்த குளங்கள் இங்கே நிறைய. நடுவில் சிறுவர்கள் விளையாடும்போதும், முனையில் படிக்கட்டு இருக்கும்போதும் சுவர் கைகொடுக்காது.

இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் தலை திரும்பட்டும், உடல் பின்னாலேயே வரும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வலது கையை அகலமாகவும் அழுத்தமாகவும் இழுங்கள், இடது கையை நீட்டியபடி சும்மா வைத்திருங்கள். மூன்று வீச்சில் அரைவட்டம் முடிந்துவிடும். ஃப்ரீஸ்டைலில் இடது கையைத் தோளுக்கு வெளியே, போக வேண்டிய பக்கமாக நீட்டி ஊன்றுங்கள், வலது கையை நீளமாக இழுங்கள். காலை மட்டும் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இடுப்பு அமிழும்.

இடமே இல்லையென்றால் நின்ற இடத்தில் திரும்பலாம். முழங்கால்களை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரை வலப்பக்கம் தள்ளுங்கள். உடல் பம்பரம்போல் இடப்பக்கம் சுற்றும். பார்க்க வேண்டிய திசை வந்ததும் காலை நீட்டி உதைத்துக் கிளம்புங்கள். சுருண்டிருக்கும்போதுதான் சுற்ற முடியும், காலை நீட்டிக்கொண்டு முயன்றால் பாதியில் நின்றுவிடும்.

எப்போது, எப்படிப் பழகுவது

மாலை ஐந்து மணிக்கு மேல் குளம் பிள்ளைகளுடையது. அந்த நேரத்தில் கரணம் வேண்டாம், நம் குதிகால் ஒரு குழந்தையின் முகத்தில் பட்டுவிடும். காலையில் குளம் திறந்ததும் போங்கள். எந்த நேரமானாலும் சுவரை உதைக்கும் முன் தண்ணீருக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு உதையுங்கள். இன்னொருவரும் நீந்தினால் இருவரும் ஒரே பக்கமாகச் சுற்றிவரலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இடி கேட்டால் வெளியே வந்துவிடுங்கள், காவலாளி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். இங்கே மின்னல் விளையாட்டல்ல.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் வாரம் சுவரை விட்டுக் கிளம்புவது மட்டும். அடுத்த இரண்டு வாரம் தொட்டுத் திரும்புவது. நான்காம் வாரத்திலிருந்து நடுக்குளத்தில் கரணம். அது கைவந்த பிறகுதான் சுவர். ஒரு நாளில் பதினைந்து கரணத்துக்கு மேல் வேண்டாம். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போடும் கரணங்கள் தப்பான பழக்கத்தைத்தான் ஊன்றும்.

முன்னேற்றம் தெரிய ஒரு வழி இருக்கிறது. ஒரு நீளத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறீர்கள் என்று எண்ணுங்கள். எனக்கு 12 இருந்தது, இப்போது 9. நீந்தும் விதத்தில் நான் எதையும் மாற்றவில்லை. சுவரை விட்டுக் கிளம்பும் விதம்தான் மாறியது. பத்து நீளம் போனதும் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கினால், கைகள் காதை விட்டு விலகத் தொடங்கிவிட்டன என்று பொருள். அங்கேயே நின்று, கரணத்தை விட்டுவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, முதல் பாடத்தை நாலு முறை செய்துவிட்டுத் தொடருங்கள்.